குடோனுக்கு லைசென்ஸ் இல்லை என்றால் ஜெயிலா?

கேள்வி: ஈரோடு மாவட்டம் பெருந்துறை பக்கம் எங்கள் தோட்டத்தில் 6,000 சதுர அடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அப்பா காலத்துத் தறிக்கூடம். தறியை நிறுத்திய பிறகு மூன்று வருஷமாகக் குடோனாக விட்டிருக்கிறேன். ஓர் அரிசி வியாபாரி, ஒரு மஞ்சள் வியாபாரி, ஓர் உரக்கடைக்காரர் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். மூட்டைக்கு மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறேன், சாவி என்னிடம்தான். போன வாரம் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து லைசென்ஸ் கேட்டு, நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். தெரிந்த புரோக்கர் ஒருவர், 'குடோன் லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் ஆறு மாசம் ஜெயில், அஞ்சு லட்சம் ஃபைன், நான் பேசி முடிக்கிறேன்' என்கிறார். இதற்கிடையில் புதிதாக ஒருவர் வந்து, ஒரு மாசத்துக்கு மட்டும் அரிசி வைக்க இடம் வேண்டும், இரட்டை வாடகை தருகிறேன் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் புரோக்கர் பழைய கணக்கைச் சொல்லி மிரட்டுகிறார். ஆறு மாதச் சிறை, 5 லட்சம் ரூபாய் அபராதம் என்பது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006இன் 63ஆம் பிரிவில் முன்பு இருந்தது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவிலிருந்து சிறையை எடுத்துவிட்டு, தொகையை 10 லட்சம் ரூபாய் வரை ஏற்றிவிட்டது. ஆக, அந்த நோட்டீஸுக்காக நீங்கள் ஜெயிலுக்குப் போகப்போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன வேறு இரண்டு விஷயங்கள் சிறை வரைக்கும் போகக்கூடியவை. அவற்றைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'குடோன் லைசென்ஸ்' என்று ஒரு தாள் வாங்கி மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்கிற நிலை இல்லை. உள்ளே என்ன சரக்கு இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் லைசென்ஸும், அது இல்லாததற்கான தண்டனையும். அரிசிக்கு ஒரு சட்டம், யூரியாவுக்கு ஒரு சட்டம், பூச்சிமருந்துக்கு ஒரு சட்டம். 2007ஆம் ஆண்டின் மத்திய கிடங்குச் சட்டத்தைக் காட்டி, அதன் ஆணையத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். கைமாற்றத்தக்க கிடங்கு ரசீது, அதாவது வங்கியில் அடகு வைத்துக் கடன் வாங்கவும் இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுக்கவும் கூடிய ரசீது, கொடுக்கும் கிடங்குகளுக்குத்தான் அந்தப் பதிவு கட்டாயம். அப்படிப்பட்ட ரசீது கொடுக்காதவர்களுக்கு 3ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் துண்டுச்சீட்டில் 'கொண்டுவருபவரிடம் சரக்கு தரப்படும்' என்கிற மாதிரி வாசகம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

இனி, அந்த இரட்டை வாடகைக்காரர். உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான வரி அதுதான். ஒரு மாதத்துக்கு மட்டும், அதுவும் அரிசிக்கு, கேட்காமலேயே இரட்டை வாடகை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ரேஷன் அரிசியைத்தான். நேர்மையான அரிசி வியாபாரி மூட்டைக்கு ஐம்பது பைசா குறைக்கச் சொல்லித்தான் பேரம் பேசுவார். கடத்தல் அரிசி வரும் விதமும் தனி. பகலில் லாரியில் வராது; இருட்டியபின் சின்ன வண்டிகளில் பத்து மூட்டை, பதினைந்து மூட்டையாகச் சேரும். ஆலை பெயரோ பிராண்டோ இல்லாத வெள்ளைச் சாக்கு, ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை, கைத்தையல் மெஷினில் புதிதாகத் தைத்த வாய். ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசியில் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் வேறு நிறச் சாயலுள்ள, அச்சில் வார்த்தது போன்ற மணிகள் கலந்திருக்கும். அது மட்டுமே ஆதாரமாகிவிடாது, ஆனால் 'பில் எங்கே?' என்று கேட்க அது போதும்.

இந்த அரிசி உங்கள் கொட்டகையில் பிடிபட்டால் வழக்கு 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவில் வரும். அட்டை முறை வினியோகத்துக்கான 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஆணையை மீறியது என்று எழுதுவார்கள். தண்டனை குறைந்தது மூன்று மாதச் சிறை, அதிகபட்சம் ஏழு ஆண்டு, அதோடு அபராதம். அரிசியையும் அதை ஏற்றிவந்த வண்டியையும் 6ஏ பிரிவில் பறிமுதல் செய்ய ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. தொடர்ந்து செய்கிறவர் என்று கருதினால், 1980ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை விசாரணையின்றிக் காவலில் வைக்கவும் முடியும்.

'இடம் மட்டும்தான் கொடுத்தேன், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது' என்பது இங்கே எளிதில் எடுபடாது. சாதாரணக் குற்ற வழக்கில் உங்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று காவல்துறைதான் காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தின் 10சி பிரிவு அதைத் தலைகீழாக்குகிறது: எண்ணம் இருந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது நீங்கள். சாவி உங்கள் கையில், மூட்டைக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கியதும் நீங்களே என்றால், தெரியாது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? அந்த ஆளுக்கு இடம் இல்லை என்று இன்றே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பத்து மூட்டை இறக்கிவிட்டிருந்தால், அதை நீங்களாக வெளியே ஏற்றி அனுப்பவும் வேண்டாம். வழியில் மடக்கினால் கடத்தியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். வட்ட வழங்கல் அலுவலருக்கோ குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கோ எழுத்தில் தகவல் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறைக்கு வழிவிடும் இரண்டாவது விஷயம் உரக்கடைக்காரரின் சரக்கு. அவரிடம் கடைக்கு அனுமதி இருக்கும். கேள்வி அதுவல்ல, உங்கள் கொட்டகையின் முகவரி அந்த அனுமதியில் இருக்கிறதா? உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 ஒவ்வோர் இடத்துக்கும் தனி அங்கீகாரம் கேட்கிறது. யூரியா 45 கிலோ மூட்டை மானியச் சரக்கு, கடைக்காரரின் பி.ஓ.எஸ். கருவி, அதாவது விற்பனையைப் பதியும் கருவி, காட்டும் இருப்பும் அவர் கையில் உள்ள மூட்டையும் பொருந்த வேண்டும். கடையில் 20, கருவியில் 220 என்று வந்தால், மீதி 200 எங்கே என்று தேடிக்கொண்டு வேளாண் துறைத் தரக்கட்டுப்பாட்டு அலுவலர் உங்கள் கதவைத் தட்டுவார். இதுவும் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழான ஆணைதான். மேலே சொன்ன அதே 7ஆம் பிரிவு, அதே 10சி.

உர மூட்டையோடு அவர் பூச்சிமருந்தும் வைத்திருந்தால், அதற்கு 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதிலும் வைக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம். உரிமம் இல்லாத இடத்தில் விற்பனைக்காக இருப்பு வைத்தால், 29ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தின் விதிகள் சாப்பாட்டுப் பொருள் இருக்கும் அறையில் மருந்தை வைக்கக் கூடாது என்கின்றன. தனி அறையோ, பூட்டிய தனி அலமாரியோ வேண்டும். எல்லாரும் ஒரே கொட்டகையில் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் மஞ்சள் அடுக்குக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவே ஒரு நடைபாதை கூட இருக்காது போலிருக்கிறது. வண்டு விழுந்தால் போட செல்பாஸ் டப்பா ஏதாவது மூலையில் வைத்திருந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள். அதில் இருக்கும் அலுமினியம் பாஸ்பைடு யார் வேண்டுமானாலும் வாங்கிப் போடும் மருந்து அல்ல. அனுமதி பெற்ற புகைமூட்டுபவர்கள் மட்டுமே கையாளலாம். ஈரம் பட்டதும் அது விடும் வாயு ஆளைக் கொல்லும்.

உரக்கடைக்காரரிடம் உங்கள் முகவரி சேர்க்கப்பட்ட அங்கீகாரத்தின் நகலைக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வாடகை பாக்கி இருந்தாலும் அதற்காகச் சரக்கைப் பிடித்து வைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, பொதுவான பாக்கிக்குச் சரக்கை நிறுத்திவைக்கும் உரிமை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 171ஆம் பிரிவில் வங்கி, துறைமுகக் கிடங்குக்காரர் போன்ற சிலருக்குத்தான் இருக்கிறது. நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பாக்கிக்குத் தனியாக வழக்குப் போடலாம். உரிமம் இல்லாத யூரியாவை உங்கள் பூட்டுக்குள் வைத்துக்கொண்டு வாடகை கேட்பது புத்திசாலித்தனம் அல்ல.

இப்போது கையில் இருக்கும் நோட்டீஸுக்கு வருவோம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உணவுப் பொருளைச் சேமித்து வைப்பதும் உணவுத் தொழில்தான். விற்கவில்லை, வைக்க மட்டும் செய்கிறேன் என்பது பதிலாகாது. விவசாயி தன் விளைச்சலைத் தானே வைத்திருந்தால் இந்தச் சட்டம் வராது. அதே மஞ்சள் வியாபாரி கைக்கு மாறியதும் வந்துவிடும். லைசென்ஸ் யார் பெயரில் என்பதில் பலர் குழம்புகிறார்கள். கொட்டகை முழுவதையும் ஒருவருக்கே சாவியோடு விட்டிருந்தால், அந்த முகவரிக்கு அவர் எடுக்க வேண்டும். உங்களைப் போல் சாவியை வைத்துக்கொண்டு பலருடைய மூட்டையைப் பராமரித்து மூட்டைக் கூலி வாங்குபவர், சேமிப்புக் கிடங்கு என்ற வகையில் தன் பெயரிலேயே எடுக்க வேண்டும். உங்கள் அளவுக்கு மாநில லைசென்ஸ் போதும். மத்திய லைசென்ஸ் 50,000 டன்னுக்கு மேல் கொள்ளளவு உள்ள கிடங்குகளுக்கு.

நோட்டீஸின் மேலே எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். 32ஆம் பிரிவு என்றால் அது குறைகளைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ்; குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த நாளுக்குள் ஃபாஸ்காஸ் என்ற உணவு லைசென்ஸ் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். கொட்டகையின் வரைபடம், இடம் உங்களுடையது என்பதற்கான ஆவணம், அடையாளச் சான்று எல்லாம் கையில் இருந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். பதிலே கொடுக்காமல் இருந்தால், அலுவலரின் உத்தரவை மதிக்கவில்லை என்று 55ஆம் பிரிவில் 2 லட்சம் வரை தனியாக ஒன்று சேரும்.

விண்ணப்பித்த தேதிக்கு முந்தைய மூன்று வருஷம் அதனால் துடைக்கப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக்கு 63ஆம் பிரிவில் நடவடிக்கை வரலாம். அதை விசாரிப்பவர் நீதிபதி அல்ல, மாவட்ட வருவாய் அலுவலர். 10 லட்சம் என்பது உச்சவரம்பு; எவ்வளவு என்று முடிவு செய்யும்போது கிடைத்த ஆதாயம், பிறருக்கு ஏற்பட்ட இழப்பு, திரும்பத் திரும்பச் செய்ததா, தெரிந்தே செய்ததா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது. எனவே மூன்று வருஷமாக என்ன வாடகை வாங்கினீர்கள் என்ற கணக்கும், நோட்டீஸ் கிடைத்த எத்தனையாவது நாளில் விண்ணப்பித்தீர்கள் என்ற தேதியும் உங்களுக்கு உதவும். ஆய்வுக்கு வருவதற்குள் மூட்டைகளைத் தரையிலிருந்து ஏற்றிப் பலகை மேல் அடுக்குங்கள். சுவரை ஒட்டாமல் ஆள் நுழைந்து கூட்டும் அளவு இடைவெளி விடுங்கள். தறிக்கூடத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே புறா நுழையும் சந்துகள் கட்டாயம் இருக்கும். அவற்றுக்கு வலை அடியுங்கள். ஆய்வில் முதலில் கண்ணில் படுவது புறா எச்சமும் எலிப் புழுக்கையும்தான்.

ஜி.எஸ்.டி. அலுவலர் இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். வந்தால், பதிவு எண் இருக்கிறதா என்பதைவிட ஜி.எஸ்.டி. சட்டத்தின் 35(2) பிரிவின்படியான பதிவேட்டைத்தான் கேட்பார். சரக்கு வைக்கும் இடத்தின் சொந்தக்காரரோ நடத்துபவரோ, ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவரோ இல்லாதவரோ, அனுப்பியவர், பெறுபவர், சரக்கு விவரம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. தளத்தில் இ.என்.ஆர்.-01 படிவத்தில் விவரம் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். அந்தப் படிவம் இருப்பதே பாதி குடோன்காரர்களுக்குத் தெரியாது. செய்யாவிட்டால் 125ஆம் பிரிவின் பொது அபராதம்: மத்தியச் சட்டத்தில் 25,000 வரை, மாநிலச் சட்டத்தில் அதே அளவு. கணக்கில் வராத சரக்கு என்று தெரிந்தே வைத்திருந்தால் 122(3) பிரிவிலும் அதே அளவு. தொகையைவிடக் கதவில் விழும் சீல்தான் வலிக்கும். ஒரு வியாபாரி உங்கள் முகவரியைத் தன் பதிவில் கூடுதல் இடமாகச் சேர்க்காமல் வைத்திருந்தால், சோதனை அவர் சரக்குக்கு; பூட்டு மூன்று பேர் சரக்குக்கும்.

அதனால் பதிவேட்டை நாளைக்கே தொடங்குங்கள். ஒரு நீளக் கணக்கு நோட்டுப் போதும். வந்த தேதி, வண்டி எண், யாருடையது, பில் எண், சரக்கு, சாக்கில் உள்ள குறி, மூட்டை எண்ணிக்கை, எடை, எந்த அடுக்கு. எதிர்ப்பக்கத்தில் வெளியேறிய தேதி, வண்டி எண், எண்ணிக்கை, எடுத்தவர் கையெழுத்து. தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு ஒவ்வொருவருக்கும் தனி இடம் ஒதுக்கி, அடுக்கின் மேல் ஓர் அட்டை தொங்கவிடுங்கள். பொருள்வாரியாகவும் ஆள்வாரியாகவும் பிரித்துக் காட்டும்படி அடுக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதிகளில் 58ஆம் விதியிலேயே உள்ளது. 72 மாதம் வரை நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த 72 மாதம், அந்த ஆண்டின் ஜி.எஸ்.டி. ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து தொடங்குகிறது. நாளைக்கு 10சி பிரிவின் முன் நிற்க நேர்ந்தாலும் உங்களுக்காகப் பேசப்போவது இந்த நோட்டுத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று: மின் இணைப்பு. தறி நின்றுவிட்டது, மீட்டர் இன்னும் விசைத்தறி விகிதத்தில்தானே ஓடுகிறது? இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை இலவசமாகக் கிடைப்பது தறிக்குத்தான். குடோன் விளக்கும் மின்விசிறியும் வணிக விகிதத்தில் வர வேண்டும். மின்சாரச் சட்டம், 2003இன் 126ஆம் பிரிவு இதை அங்கீகாரமற்ற பயன்பாடு என்கிறது. எவ்வளவு காலம் என்று தெரிந்தால் அந்தக் காலம் முழுவதற்கும், தெரியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கு, உரிய விகிதத்தைப்போல் இரு மடங்கு கட்டச் சொல்வார்கள். வாடகை வாங்கிய சீட்டே மூன்று வருஷத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதை மறக்க வேண்டாம். வேண்டுமென்றே ஏமாற்றியதாகக் கருதினால் 135ஆம் பிரிவில் திருட்டு வழக்காகவும் மாறலாம். அதில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அவர்கள் வருவதற்கு முன்பே பிரிவு அலுவலகத்தில் விகித மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கட்டட அனுமதி தறிக்கூடத்துக்கு வாங்கியதா, வாங்கவே இல்லையா என்று எழுதவில்லை. பயன்பாட்டு மாற்றத்தையும் தொழில் உரிமத்தையும் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரே தடவையில் விசாரியுங்கள். தீ காப்பீடு இருந்தால் பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். 'விசைத்தறிக் கூடம்' என்றோ 'அபாயமற்ற சரக்குக் கிடங்கு' என்றோ போட்டிருக்க, உள்ளே பூச்சிமருந்து இருந்து தீப்பிடித்தால், நிறுவனம் அந்த ஒரு வரியைக் காட்டிக் கையை விரித்துவிடும். பிறகு அரிசிக்காரரும் மஞ்சள்காரரும் நஷ்டத்தை உங்களிடம்தான் கேட்பார்கள்.

புரோக்கர் விஷயம். 63ஆம் பிரிவு நடவடிக்கையை 'பேசி முடிக்க' அவருக்கு எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. பணம் கொடுத்தால் லஞ்சம் கொடுத்த குற்றம் உங்கள் தலையில் புதிதாக ஏறும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை இருக்கிறது. வருவாய் அலுவலர் விதிக்கும் தொகை அதிகம் என்று பட்டால், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் உணவுப் பாதுகாப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உத்தரவு உங்கள் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி, உறையையும் பத்திரமாக வையுங்கள்.